குட்டி குலைத்த வீடு

யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊரில் ஒரு நாய்க்காக அழுவதென்றால் ஒளித்துத்தான் அழ வேண்டும். 2024 மாசியில் என் நண்பன் இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. கேட்டவர்களுக்குக் காய்ச்சல் என்று சொன்னான். காய்ச்சல் ஒன்றுமில்லை, அவன் வீட்டு நாய் செத்துப்போயிருந்தது. "மனிசருக்கே ஒழுங்காச் செத்தவீடு செய்யேலாமல் ஓடின சனம் நாங்கள். நாய் செத்ததுக்கு லீவு வேணும் எண்டு எந்த வாயாலை கேக்கிறது மச்சான்?" என்று என்னிடம் சொல்லிவிட்டு முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டான். நாற்பது வயதைத் தாண்டிய மனிதன்.

அவன் கேட்டது நியாயமான கேள்வி. ஆனால் அதற்காக அவன் ஒளித்திருக்கத் தேவையில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. ஏன் அப்படிப் படுகிறது என்று அன்றைக்கு அவனுக்குச் சொல்ல எனக்கு வரவில்லை. அந்த நாயை அது வந்த நாளிலிருந்து எனக்கும் தெரியும், ஆகவே இப்போது எழுதுகிறேன்.

அதன் பெயர் குட்டி. மண்ணிற உடம்பு, முன்னங்கால் ஒன்றில் மட்டும் வெள்ளை, ஒரு காது நிமிர்ந்தும் மற்றது மடிந்தும் இருக்கும். சாதாரண ஊர்நாய். முகவாயெல்லாம் நரைத்து ஒரு கண்ணில் வெள்ளை படர்ந்த பிறகும் அதற்குக் குட்டி என்றுதான் பெயர், ஏனென்றால் வேறு பெயர் வைக்க அம்மா விடவில்லை. நண்பனின் அம்மாவைச் சொல்கிறேன், நானும் அவரை அம்மா என்றுதான் கூப்பிடுவேன். பெயர் வைத்தால் பிறகு விட ஏலாது என்பது அவருடைய கணக்கு.

அந்தக் கணக்குக்குப் பின்னால் இன்னொரு நாய் இருந்தது. 1995 ஒக்ரோபர் 30. எங்கள் வயதுக்காரருக்கு அந்தத் திகதியை விளக்கத் தேவையில்லை, இளையவர்களுக்காகச் சொல்கிறேன். ஆமி முன்னேறி வருகிறது, எல்லோரும் கிழக்கே தென்மராட்சிப் பக்கம் போங்கோ என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள், யாழ்ப்பாண நகரமும் எங்கள் ஊரும் அடங்கிய வலிகாமத்துச் சனம் முழுக்க ஒரே இரவில் வெளிக்கிட்டது, மழை, இருட்டு, அரியாலை தாண்டிச் செம்மணி வெளி, பிறகு நாவற்குழிப் பாலம், இலட்சக்கணக்கான ஆட்களும் சைக்கிள்களும் மாட்டுவண்டிகளும் அந்தப் பாதையில். நண்பன் வீட்டில் அப்போது ஒரு கடுவன் நாய் நின்றது. அம்மா அதன் சங்கிலியைக் கழற்றி, பானையில் இருந்த சோறு முழுவதையும் அதன் முன்னால் கொட்டிவிட்டு, படலையைத் திறந்துவிட்டு நடக்கத் தொடங்கினாராம். அது சோற்றைத் தொடவில்லை, பின்னாலேயே வந்தது. செம்மணி மட்டும் வந்தது என்று நண்பன் சொல்வான். இல்லை, அரியாலையிலேயே தவறிவிட்டது என்று அவனுடைய அக்கா சொல்வார். நின்று திரும்பிப் பார்க்க முடியாத நெரிசலில் எவ்விடத்தில் என்பது யாருக்குத் தெரியும்? 1996 சித்திரை, வைகாசியில் சனம் திரும்பியபோது அவர்களும் திரும்பினார்கள். வீட்டில் ஓடில்லை, கதவு நிலைகள் இல்லை, நாயும் இல்லை. "இனி இந்த வளவுக்கை நாய் வளக்கிறேல்லை" என்று அம்மா சொன்னார். சொன்னபடியே பதினான்கு வருடம் இருந்தார்.

பிறகு 2006. ஆவணியில் ஏ9 பாதையை மூடினார்கள், குடாநாட்டுக்குத் தரைவழியே இல்லாமல் போனது, ஊரடங்கு, அரிசி சீனிக்கு வரிசை. அந்தக் காலத்தின் இரவுகள்தான் எனக்கு மறக்காதவை. ஒழுங்கை முகப்பில் ஒரு நாய் குலைக்கத் தொடங்கும், பிறகு அதற்கடுத்த வளவு நாய், பிறகு அதற்கும் அடுத்தது. குலைப்பு நகருகிற திசையை வைத்து ஆட்கள் எந்தப் பக்கம் வருகிறார்கள், நடந்து வருகிறார்களா வாகனத்தில் வருகிறார்களா என்று இருட்டில் கிடந்தபடியே கணக்குப் பார்ப்போம். எங்கள் படலையைக் கடந்து போகும்வரை யாரும் இருமக்கூட மாட்டோம். கடந்து போனால் ஒரு நிம்மதி, அது இன்னொரு வீட்டுப் படலையில் போய் நிற்கப்போகிறது என்று தெரிந்துகொண்டே வருகிற நிம்மதி. விடிந்ததும் யாரைக் கொண்டுபோனார்கள் என்று கேட்போம். நாய் குலைத்தால் நெஞ்சு பதறுகிற பழக்கம் எங்களுக்கு இப்படித்தான் வந்தது. எங்கள் ஒழுங்கையில் அப்போது நாயைக் கொண்டுபோய்த் தூரத்தில் விட்டவர்களும் இருந்தார்கள், குலைத்துக் காட்டிக்கொடுத்துவிடும் என்ற பயத்தில். அம்மா நித்திரையிலிருந்து எழும்பிப் பிள்ளைகள் படுத்திருக்கிற இடத்தைக் கையால் தடவிப் பார்ப்பார். யுத்தம் முடிந்த பிறகும், மற்றப் பிள்ளைகள் கனடாவுக்குப் போன பிறகும், அடுத்த தெருவில் ஒரு நாய் குலைத்தால் எழும்பி விடியும்வரை கட்டிலில் குந்தியிருப்பார்.

இந்த வீட்டுக்குத்தான் 2010 மார்கழி மழையில் குட்டி வந்தது. யாரோ சீமெந்துப் பைக்குள் போட்டு மதவடியில் எறிந்துவிட்டுப் போயிருந்தார்கள். பையை நானும் நண்பனும் சேர்ந்துதான் அவிழ்த்தோம். மூன்று குட்டிகள், இரண்டு விறைத்துப்போய்க் கிடந்தன. மூன்றும் பெட்டை. பெட்டைக்குட்டி என்றால் மதவடியிலும் சந்தையடியிலும் கொண்டுபோய் விட்டுவிடுகிற வழக்கம் எங்களிடம் இன்னும் போகவில்லை. ஒழுங்கைக்கு ஒரு வைரவர் கோயில் வைத்திருக்கிற ஊர் இது, வைரவருக்கு வாகனமே நாய்தான். வடைமாலை சாத்திக் கும்பிடுகிற அதே கையால் பையின் வாயைக் கட்ட எப்படி மனம் வருகிறது என்று அன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை, இன்றைக்கும் விளங்கவில்லை.

அம்மா விறாந்தையில் நின்று பார்த்தார். "குடுக்கிறதைக் குடு. விடியக் கொண்டுபோய் ஆரிட்டையும் விட்டிடோணும்" என்றார். விடிந்தது. யாரும் எடுக்கவில்லை. பெட்டை நாயா, வேண்டாம் என்றார்கள். பொங்கல் முடியட்டும் என்றார் அம்மா. பொங்கல் முடிந்தது.

சில மாதத்தில் குட்டி குலைக்கப் பழகிவிட்டது. சின்ன உடம்பிலிருந்து அத்தனை பெரிய குரல் வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. முதல் தடவை நடுச்சாமத்தில் அது குலைத்தபோது அம்மா எழும்பிச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாராம். நண்பன் டோர்ச் லைற்றை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தான். மாமரத்தில் மரநாய். உள்ளே வந்து, "அம்மா, மரநாய்" என்றான். அடுத்த நாள் வவ்வால். அதற்கடுத்து ஒரு தேங்காய் விழுந்தது. பக்கத்து வளவுக் கடுவன் பூனை. பிறகும் மரநாய். ஒவ்வொரு தடவையும் அவன் எழும்பிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து என்ன என்று சொல்லுவான், மழையென்றாலும் போவான், அதில் அவன் பஞ்சிப்படவே இல்லை. கனகாலம் இப்படி நடந்தது. மெல்ல மெல்ல அம்மாவுக்கே குரல் பிடிபடத் தொடங்கியது. பூனைக்கு ஒரு குலைப்பு, தெரியாத ஆளுக்கு ஒன்று, தெரிந்த ஆளின் மோட்டார் சைக்கிளுக்கு இன்னொன்று. ஒரு நாள் இரவு நான் அங்கே விறாந்தையில் படுத்திருந்தேன். குட்டி குலைத்தது. உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது: "மாங்காய்க்கு வவ்வால் வந்திட்டுது போலை." பிறகு குறட்டைச் சத்தம்.

குட்டியைப் பற்றி ஒன்றே ஒன்றைச் சொல் என்றால் இதைத்தான் சொல்வேன். அம்மா தன்னுடைய பயத்துக்காக எந்த வைத்தியரிடமும் போனதில்லை, போகவேண்டும் என்று எங்கள் யாருக்கும் தோன்றவுமில்லை. இரவில் நாய் குலைத்தால் அது வெறும் மரநாயாகவும் இருக்கலாம் என்பதை அந்த வீட்டுக்குத் திரும்பக் கற்றுக்கொடுத்தது ஒரு பெட்டை நாய், மதவடியில் எறியப்பட்டது.

கருத்தடை செய்வதற்கு முன்னால், 2012இல், ஒருமுறை குட்டி போட்டது. நாய்க்கு 63 நாள் என்று யாரோ சொல்ல, நண்பன் கலண்டரில் குறித்து வைத்திருந்தான், ஒன்றிரண்டு நாள் முந்தியே ஐந்து குட்டிகள் விறகுக் கொட்டிலுக்குள் வந்துவிட்டன. மூன்று பெட்டை. அம்மா தானே வீடு வீடாகப் போய் இடம் பிடித்தார். பெட்டைக்குட்டியை எடுக்கிற வீட்டுக்கு, பெண்பிள்ளைக்குச் சீதனம் பேசுகிற மாதிரி, கருத்தடைச் செலவு தன்னுடையது என்று வாக்குக் கொடுத்துத்தான் அனுப்பினார். அதில் ஒன்று இணுவிலுக்குப் போனது.

நாய்களுக்கான விசர்நோய்த் தடுப்பூசியை அரசாங்கத்தில் இலவசமாகப் போடுவார்கள், ஊருக்குள் ஓரிடத்துக்கு வருவார்கள், எல்லோரும் நாயை இழுத்துக்கொண்டு போவோம். ஊசி போட்டதற்கு ஒரு அட்டை தருவார்கள். பல வீடுகளில் அந்த அட்டை ஒரு கிழமைக்குள் தொலைந்துவிடும். அம்மா குட்டியின் அட்டைகளை எங்கே வைத்திருந்தார் தெரியுமா? எங்கள் எல்லோர் வீட்டிலும் ஒரு பை இருந்தது. காணி உறுதி, பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், அடையாள அட்டைப் பிரதிகள், கொஞ்ச நகை, ஓடச் சொன்னால் தூக்கிக்கொண்டு ஓடுகிற பை. அம்மா 1995இல் நாவற்குழிப் பாலத்தைக் கடந்தபோது தோளில் போட்டிருந்த அதே பை இன்றும் அலுமாரிக்குள் இருக்கிறது. அதற்குள் உறுதியோடு உறுதியாக அந்த அட்டைகள்.

பொங்கல் வெடிக்குக் குட்டி நடுங்கும். யாழ்ப்பாணத்தில் தைப்பொங்கல் என்றால் விடியமுன்னமே சீனவெடி தொடங்கிவிடும். அம்மாவுக்கும் வெடிச்சத்தம் ஆகாது, ஷெல் விழுந்த காலத்திலிருந்து. ஆனால் அதை அவர் யாருக்கும் காட்டியதில்லை, முற்றத்தில் பானைக்குப் பக்கத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றவர். குட்டி வந்த பிறகு அவருக்கு ஒரு காரணம் கிடைத்தது. "குட்டி பயப்பிடுது, நான் உள்ளுக்கை இருக்கிறன், நீங்கள் பொங்குங்கோ" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். இரண்டு பேரும் கட்டிலுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருப்பார்கள். யார் யாரைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள் என்று நான் கேட்கவில்லை.

ரயிலையும் சொல்ல வேண்டும். கொக்குவிலில் அவர்கள் வீடு பழைய ரயில் பாதைக்குக் கிட்ட. 1990இல் ரயில் நின்றது. தண்டவாளத்தையும் சிலிப்பர் கட்டையையும் பங்கருக்குக் கழற்றிக்கொண்டு போனார்கள், பாதை வெறும் நடைபாதையானது, பள்ளிக்கூடம் போவதற்குக் குறுக்குவழியாக நாங்கள் பாவித்தோம். 2014 ஒக்ரோபரில் யாழ்தேவி யாழ்ப்பாணம் வரை வந்தது, 2015 தை மாதத் தொடக்கத்தில் காங்கேசன்துறை வரைக்கும் போனது, அதாவது கொக்குவிலுக்கூடாக. முதல் நாள் ஒழுங்கையே பாதையடிக்குப் போய் நின்றது. குட்டி பிறந்ததிலிருந்து ரயில் சத்தமே கேட்டதில்லை. எங்கள் காதுக்கு ஒன்றும் எட்டாத நேரத்தில் அது தலையைத் தூக்கி ஊளையிடத் தொடங்கிவிட்டது. எங்களுக்குக் கேட்காத நுண்ணிய சத்தமெல்லாம் நாய்க்குக் கேட்கும் என்று படித்திருக்கிறேன், அன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன். பிறகு அது அம்மாவுக்கு ரயில் நேரம் சொல்லுகிற நாயாகிவிட்டது. குட்டி ஊளையிட்டால் அம்மா அடுப்பில் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைப்பார்.

கனடாவிலிருந்து பிள்ளைகள் ஒவ்வொரு வருடமும் கூப்பிட்டார்கள். நண்பனுக்குக் கிளிநொச்சியில் வேலை, விடியப் போனால் பொழுதுபட்டுத்தான் வருவான். "குட்டிக்கு ஆர் சோறு வைக்கிறது?" என்று அம்மா கேட்டார். ஒரு நாய்க்காகவா பேரப்பிள்ளைகளைப் பார்க்க வராமல் இருக்கிறீர்கள் என்று தொலைபேசியில் சண்டை நடந்தது. அவர்களுடைய கோபத்தையும் பிழை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

2022இல் குட்டிக்கு உண்ணிக் காய்ச்சல். பல்முரசு வெளிறிவிட்டது, மீன் தலையை வைத்தாலும் திரும்பிப் பார்க்கவில்லை. பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்ற காலம் அது, ஓட்டோவும் இல்லை. நண்பன் சைக்கிள் கரியரில் ஒரு பிளாஸ்ரிக் மரக்கறிப் பெட்டியைக் கட்டி, அதற்குள் சாக்கு விரித்துக் குட்டியை இருத்தி, மிருக வைத்தியரிடம் உழக்கிக்கொண்டு போனான். நான் பக்கத்தில் மற்றச் சைக்கிளில், ஒரு கையால் பெட்டியைப் பிடித்தபடி. உண்ணியால் வருகிற கிருமி இரத்தத்துக்குள் போய்க் குருதிச் சிறுதட்டுகளைக் குறைத்துவிடும், டொக்சிசைக்கிளின் குளிசை நாலு கிழமை விடாமல் கொடுக்க வேண்டும், வெறும் வயிற்றில் கொடுக்கக்கூடாது என்றார் வைத்தியர். மருந்துத் தட்டுப்பாடு. நாலைந்து பார்மசி ஏறி இறங்கித்தான் சேர்த்தோம். அம்மா குளிசையை முள் எடுத்த சூடைமீனுக்குள் வைத்து உருட்டிக் கொடுத்தார், நாட்டில் மனிதருக்கே மீன் வாங்கக் கட்டாத வருடம். குட்டி எழும்பிவிட்டது.

ஆனால் 2023 கடைசியில் தண்ணீர் அதிகமாகக் குடிக்கத் தொடங்கியது. கிணற்றடித் தொட்டியில் வாய் வைத்தால் எடுக்காது. உடம்பு வற்றிக்கொண்டு போனது. இரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் என்ற கழிவு கூடியிருந்தது. அது கூடித் தெரியும்போது சிறுநீரகத்தின் வேலையில் முக்கால் பங்குவரை போயிருக்கும், இது வயதின் வருத்தம், திருப்ப முடியாது, கொஞ்சம் தள்ளிப் போடலாம் என்று வைத்தியர் ஒளிக்காமல் சொன்னார். கழுத்துத் தோலுக்கடியில் சேலைன் ஏற்ற நண்பனுக்குப் பழக்கிவிட்டார். மீனைக் குறைத்து, சோறும் அவித்த முட்டையின் வெள்ளையும் கொடுக்கச் சொன்னார். அம்மாவுக்குச் சேலைனை விட அதுதான் பெரிய கஷ்டமாக இருந்தது. பதின்மூன்று வருடமாக மீன் தலை வைத்த கை.

மாசியில் குட்டி எழும்பவில்லை. ஊசி போட்டு அனுப்பலாம், அதுதான் இப்போது செய்யக்கூடிய நல்லது என்று வைத்தியர் சொன்னார். எங்கள் ஆட்களுக்கு அது இலேசான முடிவில்லை, உயிரை எடுக்க நாங்கள் யார் என்றுதான் முதலில் வரும். அம்மா ஒரு இரவு யோசித்தார். விடியப் பாவம் புண்ணியம் ஒன்றும் பேசவில்லை. வைத்தியரிடம் ஒரே ஒரு விஷயம் கேட்டார்: "நான் பக்கத்திலை இருக்கலாமோ?"

இருந்தார். தலையை மடியில் வைத்துக்கொண்டு கடைசிவரைக்கும்.

குழி வெட்டியது நண்பனும் நானும். கொக்குவில் மண் மேலே செம்மண், கொஞ்சம் ஆழம் போனால் சுண்ணாம்புக்கல், மண்வெட்டி நின்றுவிடும், அலவாங்கால் இடித்து இடித்துத்தான் இறங்க வேண்டும். கிணற்றுக்குக் கிட்ட வேண்டாம் என்று அம்மா சொன்னார், இந்தக் கல்லுக்கூடாக எதுவும் தண்ணிக்குப் போய்விடும் என்று அவருக்குத் தெரியும். ஆகவே வளவின் அந்தலையில், தேசிமரத்துக்குப் பக்கத்தில். வேறு நாய் கிண்டாத ஆழம் வேண்டும் என்று நண்பன் விடாமல் இடித்துக்கொண்டிருந்தான். கை இரண்டும் கொப்பளித்துவிட்டது. போதும் என்று நான் சொன்னதை அவன் கேட்கவில்லை.

பின்னேரம் ஒரு உறவுக்காரர் வந்து, "நாய்தானே அம்மா, இன்னொண்டு எடுக்கலாம்" என்றார். ஆறுதலுக்குத்தான் சொன்னார். இன்னொருவர், எத்தனை சனம் செத்த ஊரில் இதற்குப் போய் அழுகிறீர்களா என்று கேட்டார். நண்பன் காய்ச்சல் என்று சொன்னது இதற்குப் பயந்துதான்.

எனக்கு இந்த ஒப்பீடே பிடிக்கவில்லை. சனத்துக்கு அழாமல் மிச்சம் பிடித்த கண்ணீரையா நாய்க்குக் கொடுத்தோம்? அந்த ஒழுங்கையில் எங்கே விழுந்தார், எங்கே புதைத்தார்கள் என்று இன்றைக்கும் தெரியாதவர்களின் தாய்மார் இருக்கிறார்கள், அவர்களும் குட்டிக்குச் சோறு வைத்தவர்கள்தான், அன்று வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தார்கள், ஒருவரும் நாய்தானே என்று சொல்லவில்லை. வருத்தத்தின் பெயர் தெரிந்து, மருந்து கொடுத்து, பக்கத்தில் இருந்து, சொந்தக் கையால் குழி வெட்டி, இடத்தை அடையாளம் வைத்து அனுப்புவது எவ்வளவு பெரிய விஷயம் என்று அவர்களுக்குத் தெரியும். அதே நேரம், குட்டிக்காக அழுதது வேறு யாருக்காகவோ அழுதது என்று விளக்கம் சொல்ல வருபவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. குட்டிக்காக அழுதது குட்டிக்காகத்தான். பதின்மூன்று வருடம் அந்த வீட்டைக் காத்தது அது.

போன ஞாயிறு அம்மா இணுவிலுக்குப் போக வேண்டும் என்றார். 2012இல் கொடுத்த பெட்டைக்குட்டி அங்கே இன்னும் நிற்கிறது, அதுவும் கிழவியாகிவிட்டது. நண்பன் மோட்டார் சைக்கிளில் அம்மாவை ஏற்றினான், நான் பின்னால் போனேன். படலையைத் தட்டியதும் ஓடி வந்தது. அதே மண்ணிறம். வெள்ளைக்கால் இல்லை, இரண்டு காதும் மடிந்திருந்தது. எங்களை யாரென்று தெரியாமல் வளவே அதிரக் குலைத்தது. வீட்டுக்காரப் பெண் ஓடிவந்து, "சத்தம் போடாதை, சத்தம் போடாதை" என்று அதை இழுத்தார்.

"குலைக்கட்டும், விடு பிள்ளை" என்றார் அம்மா. "தெரியாத ஆக்கள் வந்தால் குலைக்கத்தானே வேணும்."